மொறுமொறுத்தோல் சங்கத்தின் இருபதாவது ஆண்டு விருந்து

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: மொறுமொறுத்தோல் சங்கத்தின் இருபதாவது ஆண்டு விருந்து வருகிற நவம்பர் இரண்டாம் ஞாயிறு, நண்பகல் பன்னிரண்டரை மணிக்கு, வழக்கம்போலத் தலைவர் இல்லத்தில் நடைபெறும். சமையலறை நிர்வாகத்தில் ஏற்பட்டுள்ள மாற்றத்தால் விருந்தின் தரத்தில் எவ்விதக் குறைவும் நேராது எனத் தலைமை உறுதி கூறுகிறது. உறுப்பினர்கள் அனைவரும் பல்லோடு வரவும்.

அனைவரும் என்றால் மூன்று பேர். சமையலறை நிர்வாகத்தில் ஏற்பட்ட மாற்றம் என்றால், தலைவரின் மனைவி ரிக்மோர் ஆகஸ்டு மாதம் இறந்துபோனாள்.

அறிவிப்பை எழுதிய தலைவர் தோர்கில், வெல்ஸ்டப் நகராட்சியில் சாலை மற்றும் சாக்கடைப் பிரிவை இருபத்தாறு வருஷம் கட்டி ஆண்டு ஓய்வு பெற்றவர். ஓய்வு உடம்புக்குத்தான் கிடைத்தது, நடைக்குக் கிடைக்கவில்லை. மளிகைச் சாமான் சீட்டைக்கூட அ, ஆ, இ என்று பத்தி பிரித்துத்தான் எழுதுவார். அறிவிப்பில் நான்கு பிரதி எடுத்தார். மூன்றைத் தானே சைக்கிளில் கொண்டுபோய் மூன்று வீட்டுப் பெட்டிகளில் போட்டார். நான்காவதைக் குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். பத்தொன்பது வருஷமாக அங்கேதான் ஒட்டுகிறார். ஒட்டி முடித்த பிறகுதான் அதைப் படிக்க வேண்டியவள் இல்லை என்பது உறைத்தது. பிய்த்தெடுக்கவும் கை வரவில்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

சங்கத்தின் நோக்கம் பெரியது. பன்றி ரோஸ்டின் மேல்தோல் எப்படி இருக்க வேண்டும் என்பதில் டென்மார்க் தடுமாறிக்கொண்டிருப்பதாகத் தோர்கிலுக்கு ஒரு கவலை. அதைத் தூக்கி நிறுத்த நான்கு பேர் வருஷம் முழுவதும் சுற்றுவட்டார விடுதிகளுக்குப் போய்ச் சாப்பிட்டு, மதிப்பெண் போட்டு, விடுதிக்காரர்களுக்குக் கடிதம் எழுதுவார்கள். விடுதிக்காரர்கள் பதில் எழுதியதில்லை. மதிப்பெண்ணும் பழைய பள்ளிக்கூடக் கணக்கு. அரசாங்கமே கைகழுவிவிட்டது, சங்கம் விடவில்லை. உச்சியில் பதின்மூன்று. அது மேதைகளுக்கு மட்டும். அடியில் இரட்டைப் பூஜ்யம். ஒற்றைப் பூஜ்யத்தில் ஒருவன் போதுமான அளவு வெட்கப்பட மாட்டான் என்று நினைத்த தேசம் இது.

விடுதிகளுக்கு ஏழு, எட்டு, மிஞ்சிப் போனால் ஒன்பது. நவம்பரில் தலைவர் வீட்டு விருந்துக்கு மட்டும் பதின்மூன்று. பத்தொன்பது விருந்து, பத்தொன்பது பதின்மூன்று. ஒவ்வொரு வருஷமும் தீர்மானப் புத்தகத்தில் 'சமைத்தவர்' என்ற கட்டத்தில் தோர்கில் என்று எழுதி, தோர்கிலே கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

அவர் சமைத்ததில்லை என்பது உண்மைதான். ஆனால் அது அவ்வளவு லேசான விஷயமும் இல்லை. அவரிடம் முறை இருந்தது. 'தோல்: கொள்கையும் நடைமுறையும்' என்று பதினான்கு பக்கத்தில் சொந்தச் செலவில் ஒரு புத்தகமே போட்டவர். ஐம்பது பிரதி அடித்ததில் நாற்பத்துமூன்று வீட்டில் இருந்தன. விருந்தன்று காலையில் அடுப்பங்கரை வாசலில் கதவுநிலையில் சாய்ந்துகொண்டு அதிலிருந்து விதி விதியாகப் படிப்பார். ரிக்மோர் முதுகைக் காட்டியபடி, "ஆமா தோர்கில்," என்பாள். "சரி தோர்கில். அப்படியே செய்யுறேன் தோர்கில். நீ போய் மெழுகுவத்தி ஏத்து, போ."

அவர் மூளை, அவள் கை. அப்படித்தான் நினைத்திருந்தார். சாலைப் பிரிவிலும் அப்படித்தானே, வரைபடம் ஒருவர் போட, தார் இன்னொருவர் ஊற்றுவது.

அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் காப்பி கொடுத்தபோதுதான் பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருத்தி வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "ரிக்மோர் கைப்பக்குவம் இனி யாருக்கு வரும், சொல்லுங்க" என்று அழுதாள். நன்றி என்று சொல்ல வாயெடுத்த தோர்கில், 'அது எங்கள் முறை' என்று திருத்தப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டார். எங்கள் என்பதில் தன் பங்கு எவ்வளவு? மூன்று மாதமாக அந்தக் கேள்வி பல்லிடுக்கில் மாட்டிய நார்போல இருந்தது. நாக்கு அங்கேயே போனது.

ஆகவே இந்த விருந்து. புத்தகத்தை எதிரே விரித்து வைத்து, ஓர் எழுத்து பிசகாமல் செய்வது. தோல் மொறுமொறுத்துவிட்டால், முப்பத்தெட்டு வருஷம் அந்த அடுப்பங்கரையில் இரண்டு பேர் இருந்தார்கள் என்று ஆகும். மொறுமொறுக்காவிட்டால் ஒருத்தி மட்டும்தான் இருந்தாள். அவர் சும்மா வாசலில் நின்றிருந்தார்.

சனிக்கிழமை இறைச்சிக்கடைக்குப் போய், தோலோடு இரண்டரைக் கிலோ முதுகுப்பகுதி வாங்கினார். கடைக்காரப் பெண், "தோலைக் கீறித் தரட்டுமா?" என்று கேட்டாள்.

"கூடாது. விதி இரண்டு."

"என்ன ரெண்டு?"

"நான் பார்த்துக்குறேன்மா."

ஞாயிறு காலை எட்டு மணிக்கு மரச்சட்டம் வைத்துக் கோடு போட்டு, அரை சென்டிமீட்டர் இடைவெளியில் தோலைக் கீறினார். நடைபாதைக்குக் கல் பதித்ததுபோல வரிசை அவ்வளவு சுத்தம். ஒவ்வொரு கீறலுக்குள்ளும் உப்பைத் திணித்தபோது கீறும்போது இடது ஆள்காட்டி விரலில் பட்ட வெட்டுக்காயம் அவர் உயிரை வாங்கியது. ரிக்மோர் விரல்களில் எப்போதும் ஏதாவது காயம் இருந்ததா, இல்லையா? யோசித்துப் பார்த்தார். அவள் விரல்கள் ஞாபகத்துக்கு வரவில்லை. பிரிஞ்சி இலைகளைச் செருகினார். கம்பித்தட்டில் ஏற்றிவைத்து, தோலின் மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். ஒரு பக்கம் சரிந்திருந்தது. அடியில் அரை உருளைக்கிழங்கு முட்டுக்கொடுத்ததும் குமிழி நடுவுக்கு வந்தது. பன்றி ரோஸ்டுக்கு ரசமட்டம் வைத்த மனிதர் இந்த நாட்டிலேயே அவராகத்தான் இருக்கும். பெருமையாகத்தான் இருந்தது. திரும்பிச் சொல்ல ஆளில்லை.

பிறகு விதி ஏழு. புத்தகத்தின் இதயம் அதுதான். தடித்த எழுத்தில் போட்டிருந்தார். 'கால் மணிக்கு ஒருமுறை ஓவனைத் திறந்து, தட்டில் இறங்கிய சாற்றைக் கரண்டியால் அள்ளித் தோலின் மேல் சீராக ஊற்றுக. இதில் சோம்பல் கூடாது.' இதை அவர் எங்கிருந்தும் கடன் வாங்கவில்லை. கண்ணால் கண்டது. கால் மணிக்கு ஒருமுறை ரிக்மோர் குனிவாள், ஓவன் கதவு திறக்கும், ஆவி கிளம்பும், கரண்டி பிடித்த கையின் முழங்கை ஏழெட்டுத் தடவை முன்னும் பின்னும் அசையும், கதவு மூடும்.

அவரும் குனிந்தார். முழங்கால் இரண்டும் முறையிட்டன. ஏழு முறை குனிந்து ஏழு முறையும் ஊற்றினார். மூக்குக்கண்ணாடி ஆவி படிந்து குருடானது. தோல் பளபளவென்று, எண்ணெய் பூசின காலணிபோல மின்னியது. அழகாகத்தான் இருக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

உருளைக்கிழங்கைச் சர்க்கரைப் பாகில் புரட்டப் போனதில் பாகு இறுகி, வாணலியோடு கிழங்கும் கரண்டியும் ஒரே குடும்பமாகிவிட்டன. சிவப்பு முட்டைக்கோஸ் கடைப் புட்டி. இவை இரண்டும் சங்கத்தின் ஆய்வுக்கு உட்பட்டவை அல்ல என்று தீர்ப்பு வழங்கிக்கொண்டு, மெழுகுவர்த்தி ஏற்றப் போனார். அது ஒன்றுதான் அவருக்குப் பழக்கமான வேலை.

பன்னிரண்டு இருபதுக்கே மூவரும் தெருமுனையில் வந்து நின்றது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. கடலிலிருந்து வந்த ஈரக்காற்றில் காலர்களைத் தூக்கிவிட்டுக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி பத்து நிமிஷம் நின்றார்கள். பன்னிரண்டரைக்கு ஒரு நிமிஷம் முன்னால் மணியடித்தால் குடி முழுகிவிடும். சரியாகப் பன்னிரண்டரைக்கு மணி அடித்தது.

முதலில் வந்தவர் வெர்னர். ஊரின் பழைய இறைச்சிக்கடைக்காரர். கடை இப்போது மகள் கையில். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. பின்னால் எய்கில், ஓய்வுபெற்ற பல் வைத்தியர். இப்படியொரு சங்கத்தில் அவர் சேர்ந்தது தொழில் அபிவிருத்திக்காகத்தான் என்று ஊரில் பேச்சு. கடைசியாகப் பால்லெ, முன்னாள் தலைமையாசிரியர், சங்கத்தின் செயலாளர். தீர்மானப் புத்தகத்தைக் கைக்குழந்தைபோல அணைத்துக்கொண்டு வந்தார்.

"தெருமுனை வரைக்கும் வாசனை தூக்குதுய்யா," என்றார் எய்கில் கோட்டைக் கழற்றியபடி.

"அது சர்க்கரை தீஞ்ச வாசனை," என்றார் வெர்னர்.

"வாயை மூடு. மனுஷன் மொதத் தடவையா சமைச்சிருக்கான்," என்றார் எய்கில்.

"மொதத் தடவையா?" என்றார் தோர்கில் விறைப்பாக. "சங்கத்தின் ஆவணப்படி இது இருபதாவது."

மூவரும் தரையைப் பார்த்துக்கொண்டு காலணிகளைக் கழற்றினார்கள்.

பீரும் ஸ்னாப்ஸ் சாராயமும் ஊற்றப்பட்டன. மறைந்தவளுக்காக ஒரு வாய் குடிக்கலாம் என்று எய்கில் கிண்ணத்தைத் தூக்க, நால்வரும் கண்ணோடு கண் பார்த்துக் குடித்தார்கள். தோர்கில் ரோஸ்டைக் கொண்டுவந்து மேஜை நடுவில் வைத்தார். சங்க மரபுப்படி தலைவர் கத்தியின் முதுகால் தோலைத் தட்டுவார். உறுப்பினர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓசையைக் கேட்பார்கள். போன வருஷம்வரை அது ஜன்னல் கண்ணாடியை மோதிரத்தால் தட்டின ஓசை.

தட்டினார். மழைக்காலணியைத் தட்டின ஓசை வந்தது.

இன்னொரு இடத்தில் தட்டிப் பார்த்தார். அதே காலணிதான், இன்னொரு கால்.

"கத்தி புதுசா?" என்றார் பால்லெ மரியாதையாக.

தோர்கில் கத்தியைத் திருப்பிப் பிடித்தார். அறுக்க ஆரம்பித்தார். கத்தி தோலில் இறங்கவில்லை. தோல் கத்தியோடு சேர்ந்து கீழே போய்த் திரும்பி மேலே வந்தது. ஒருவழியாக நான்கு தட்டுகளில் நான்கு துண்டுகள் விழுந்தன. நால்வரும் ஒரே சமயத்தில் வாயில் போட்டார்கள்.

மென்றார்கள்.

சுவர்க்கடிகாரம் தன் வேலையைச் செய்தது. வெளியே ஒரு கடற்காக்கை என்னவோ கத்திவிட்டுப் போனது. மென்றார்கள். எய்கில் இடது கடைவாயிலிருந்து வலது கடைவாய்க்கு மாற்றி, வைத்தியர் முறையில் கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டார். பால்லெயின் காது இரண்டும் மேலும் கீழும் போய்வந்தன. வெர்னர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே மென்றார். பாதி வழியில் கண்ணை மூடி அப்படியே விழுங்கிவிட்டார்.

"நல்லா..." என்றார் எய்கில், இடம் கிடைத்ததும். "நல்லா நின்னு பேசுது."

"அவசரப்படாம சாப்பிட வேண்டிய பண்டம்," என்றார் பால்லெ. "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் பொறுமை எங்க?"

"உப்பு சரியா இருக்கு," என்றார் வெர்னர்.

பால்லெ புத்தகத்தைத் திறந்தார். பேனா மூடியைக் கழற்றினார். "மதிப்பெண். எய்கில்?"

"பதிமூணு."

"நானும் பதிமூணு. வெர்னர்?"

வெர்னர் தன் தட்டைப் பார்த்தார். தோர்கிலைப் பார்த்தார். கன்னம் சிவந்தது. "பதிமூணு போடு."

தோர்கில் இன்னும் மென்றுகொண்டிருந்தார். பகட்டு மனிதர்தான், முட்டாள் இல்லை. வாயிலிருந்ததை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். அது போனபடியே முழுசாகத் திரும்பி வந்திருந்தது.

"பால்லெ, பள்ளிக்கூடத்துல மொத்தம் எத்தனை பேருக்கு நீ பதிமூணு போட்டே?"

"முப்பத்தோரு வருஷத்துல ரெண்டு பேருக்கு. ஒருத்தி இப்ப வானியல் ஆராய்ச்சி பண்றா. இன்னொருத்தன்..."

"இந்தத் துண்டு மூணாவதா?"

பால்லெ பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழக்க தோஷம்யா," என்றார் எய்கில். "இந்த வீட்டுக்கு வந்தா வாய்ல அது தானா வருது."

"அதைத்தான் கேக்குறேன்." தோர்கிலின் குரலில் இருந்த பத்தி எண்களெல்லாம் உதிர்ந்திருந்தன. "இதுக்குப் பதிமூணுன்னா, பத்தொன்பது வருஷமா அவளுக்குப் போட்டது என்ன? அதுவும் வாய்ல தானா வந்ததா? பாவம், அடுப்புல நிக்குறா, போட்டுத் தொலைப்போம்னு போட்டதா?"

'அவளுக்கு' என்ற சொல் மேஜைமேல் விழுந்து கிடந்தது. அதை எடுத்து வைக்க யாருக்கும் தெரியவில்லை.

"உன் பேர்லதான எழுதியிருக்கு," என்றார் பால்லெ மெதுவாக.

"யார் பேர்ல எழுதியிருந்தா என்னய்யா? சாப்பிட்டது யார் சமைச்சது?"

எய்கில் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "சரி. கேட்டுக்க. இரட்டைப் பூஜ்யம். நாப்பது வருஷம் பல் புடுங்கியிருக்கேன், இவ்வளவு பிடிவாதமா எதுவும் என் கையில மாட்டினதில்ல. இப்ப இன்னொண்ணும் கேட்டுக்க. ரிக்மோர் போட்ட தோல் பதிமூணுதான். அதுக்கு மேல ஒரு எண் இருந்தா அதையும் போட்டிருப்போம்."

"பூஜ்யம்," என்றார் பால்லெ, புத்தகத்தில் அடித்து எழுதியபடி. "ரெண்டு."

தோர்கில் தலையாட்டினார். அவமானம் இறங்குவதற்கு முன்னால் என்னவோ ஒரு நிம்மதி இறங்கியது. அவளுடைய பதின்மூன்று தப்பித்துவிட்டது.

வெர்னர் மட்டும் ரோஸ்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தொழில்காரன் கண். விரலால் தோலை அழுத்தினார். "என்ன பண்ணுன இதை? நேத்து எம் பொண்ணு குடுத்த கறி நல்ல கறி."

"விதிப்படிதான். கீறல் அரை சென்டிமீட்டர். உப்பு. கம்பித்தட்டு. அப்பறம் விதி ஏழு. கால் மணிக்கு ஒரு தடவை சாறை அள்ளி மேல ஊத்துனேன். ஒரு தடவைகூடத் தவறல."

"மேல ஊத்துனியா?"

"ஏழு தடவை."

வெர்னர் மற்ற இருவரையும் பார்த்தார். அந்த இருவரும் சிவப்பு முட்டைக்கோஸை ஆராய்ந்தார்கள்.

"தோல்ல ஒரு சொட்டு படக்கூடாதேய்யா," என்றார் வெர்னர். "தோல் நனைஞ்சா தோல்பைதான். இந்த நாட்டுல பால்குடி மறக்காத புள்ளைக்குக்கூடத் தெரியும்."

"அவ ஊத்துனா. நானே பார்த்திருக்கேன். கால் மணிக்கு ஒருக்கா குனிஞ்சு..."

"அவ ஊத்தல தோர்கில்." வெர்னர் அந்தப் பெரிய கையை மேஜைமேல் விரித்து வைத்தார். "எடுத்தா. தட்டுல சாறு ரொம்பி ஆவி கட்டிடக்கூடாதுன்னு கரண்டியால வெளிய எடுத்து, கிண்ணத்துல வெச்சுப்பா. அதுலதான் குழம்பு காய்ச்சுவா."

தோர்கிலின் கை கரண்டி பிடித்ததுபோல ஒருமுறை முன்னும் பின்னும் அசைந்து பார்த்தது.

"கடைக்கு வந்தா சொல்லிச் சிரிப்பா. 'அவர் ஊத்துங்கறார், நான் எடுக்குறேன், என் முதுகைப் பார்த்துட்டு ஊத்துறேன்னு நெனைச்சுட்டுப் போறார், நீ சொல்லிடாத வெர்னர்'னு."

"உங்களுக்கெல்லாம் தெரியுமா?"

"புஸ்தகத்தைப் படிச்ச அன்னிக்கே தெரியும்," என்றார் எய்கில்.

"சொல்லியிருக்கலாமே!"

"அச்சடிச்சுட்டியேய்யா. அவதான் வேணாம்னா. நாப்பத்துமூணு பிரதி வீட்ல கிடக்கு, மனசு உடைஞ்சுடுவார்னா."

தோர்கில் அடுப்பங்கரை வாசலைத் திரும்பிப் பார்த்தார். கதவுநிலையில் அவர் தோள் சாய்ந்து சாய்ந்து பூச்சு மங்கிப்போன இடம் ஒன்று இருந்தது. அங்கிருந்து பார்த்தால் ஓவன் தெரியும், கதவு தெரியும், ஆவி தெரியும். கரண்டி எந்தப் பக்கம் போகிறது என்பது தெரியாது. முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் பார்த்தது ஒரு முதுகும் ஒரு முழங்கையும். இரண்டடி உள்ளே வந்திருந்தால் கிண்ணம் தெரிந்திருக்கும். இரண்டே அடி. அதை வைத்துக்கொண்டு பதினான்கு பக்கம் எழுதியிருக்கிறார்.

அழவில்லை. நாப்கினை எடுத்து நான்காக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

வெர்னருக்கு அது தாங்கவில்லை. எழுந்து ரோஸ்டைத் தூக்கிக்கொண்டு அடுப்பங்கரைக்குள் போனார். ஆணியில் ரிக்மோரின் ஏப்ரன் தொங்கியது. அதைத் தொடப்போன கையை இழுத்துக்கொண்டு, துவாலையை இடுப்பில் செருகினார். தோலை ஒரே வீச்சில் இறைச்சியிலிருந்து பாயைச் சுருட்டுவதுபோல உரித்தெடுத்தார். காகிதத்தால் ஒற்றி ஒற்றி ஈரம் போக்கி, கம்பித்தட்டில் பரப்பி, ஓவனின் மேல்சூட்டை முழுசாகத் திருப்பினார்.

"உள்ள வாய்யா," என்று கத்தினார். "ஏன் இன்னும் வாசல்லயே நிக்குற? இங்க, எம் பக்கத்துல வந்து குனி."

தோர்கில் போய்க் குனிந்தார். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஓர் ஓரத்தில் சின்னக் கொப்புளம் எழும்பியது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் தோல் முழுவதும் பொரிபொரியென்று, சட்டியில் சோளம் வெடிப்பதுபோல, சத்தம் போட்டுக்கொண்டு எழும்பி வெளுத்துப் பொன்னிறமானது. அடுப்பின் வெளிச்சம் முகத்தில் அடித்தது. இந்தப் பக்கமிருந்து இது இப்படித்தான் தெரியுமா என்று நினைத்தார். அவள் ஒவ்வொரு வருஷமும் இதைத் தனியாகப் பார்த்திருக்கிறாள்.

"இப்ப எடு," என்றார் வெர்னர். "இன்னும் அரை நிமிஷம் போனா கரி."

சாப்பிட்டார்கள். அந்தச் சத்தத்தில் பேச முடியவில்லை. நான்கு தலைக்குள்ளும் சரளைக்கல் பாதையில் யாரோ நடக்கிற ஓசை. உப்பும் கொழுப்பும் நாக்கில் உருகின. குழம்புக்குச் சாறு மிச்சமில்லாததால் எய்கில் வெண்ணெயை உருக்கி எல்லோர் தட்டிலும் ஊற்றினார். பாறையான கிழங்கைப் பால்லெ வாணலியோடு எடுத்துவந்து கத்திப்பிடியால் உடைத்து, மிட்டாய் என்று பெயரிட்டுப் பரிமாறினார். தோர்கில் இரண்டாம் முறையும் தோல் போட்டுக்கொண்டார். கண்ணிலிருந்து வழிந்ததை மற்ற மூவரும் பார்க்காததுபோல இருந்தார்கள். வாய் மட்டும் நிற்கவில்லை. நன்றாக இருந்தது. அதுதான் கொடுமை, அவ்வளவு நன்றாக இருந்தது.

முடிந்ததும் மூவரும் எழுந்து, நாற்காலியை உள்ளே தள்ளி, பிறந்ததிலிருந்து சொல்லி வருவதைச் சொன்னார்கள். "சாப்பாட்டுக்கு நன்றி."

இதற்குச் சமைத்தவர் பதில் சொல்ல வேண்டும். உடம்பில் ஒட்டட்டும் என்று ஒரு வார்த்தை. பத்தொன்பது வருஷமாகத் தோர்கில் தயங்காமல் சொல்லி வந்தார். இன்று மூவரும் காத்து நின்றார்கள். வெர்னரின் கண்கூட அடுப்பங்கரைப் பக்கம் போனது. பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு ஒவ்வொருவராக மறுபடி உட்கார்ந்தார்கள்.

"ஒரு தீர்மானம்," என்றார் தோர்கில். "பத்தொன்பது விருந்துக்கும் 'சமைத்தவர்' கட்டத்துல என் பேரை அடிச்சுட்டு ரிக்மோர்னு எழுதணும். இன்னிக்கு உள்ளதை மட்டும் என் பேர்ல விடுங்க."

"ஆதரிக்குறேன்," என்றார் எய்கில்.

"நானும்," என்றார் வெர்னர்.

பால்லெ கையைத் தூக்கினார். நான்குக்கு நான்கு. சங்கத்தின் வரலாற்றில் ஒருவரும் திருத்தம் கொண்டுவராமல் நிறைவேறிய ஒரே தீர்மானம். பால்லெ முதல் வருஷப் பக்கத்தைத் திருப்பி, பேனாவை வைத்தார். வைத்த இடத்திலேயே கை நின்றது. புத்தகத்தின் பின்னட்டைக்குப் போய், அங்கே ஒட்டியிருந்த சங்க விதிகளைப் படித்தார். நல்ல ஆசிரியர், வெளியில் சொல்வதா வேண்டாமா என்று அவர் தவித்தது எல்லோருக்கும் தெரிந்தது.

"என்ன?" என்றார் தோர்கில்.

"விதி பதினொண்ணு. மதிப்பெண் பதிவில் எத்தகைய திருத்தமும், சமைத்தவரின் கையெழுத்து இன்றிச் செல்லாது."

"யாருய்யா இதை எழுதுனது?" என்று சீறினார் எய்கில்.

எல்லோர் கண்ணும் தோர்கில் பக்கம் போனது.

"நாம நாலு பேரும் போட்டா?" என்றார் வெர்னர். "நாம நாலு பேருதான சங்கமே. கிழிச்சுப் போடு அந்த விதியை."

தோர்கில் புத்தகத்தை வாங்கி அந்த வரியைப் படித்தார். தான் எழுதியதிலேயே அதுதான் பிசிறில்லாத வாக்கியம். ஓட்டை தேடி இரண்டு முறை படித்தார். தானே கையெழுத்துப் போட்டால், தான்தான் சமைத்தவர் என்று மறுபடியும் சொன்னதாகும். பத்தொன்பது வரி சமைத்தவருக்காகக் காத்திருந்தது. சமைத்தவள் ஒருத்தி, அவள் தேவாலயத்துக்குப் பின்னால், கல்லறைகளின் மூன்றாவது வரிசையில் இருந்தாள். அவளிடம் இதுவரை யாரும் கையெழுத்துக் கேட்டதில்லை. அவள் பேர் அந்தப் புத்தகத்தில் எங்கேயும் இல்லை.

பேனாவை வாங்கி, இரட்டைப் பூஜ்யத்துக்கு எதிரே தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அது ஒன்றுதான் விதிப்படி செல்லும்.

மற்ற பத்தொன்பது பதின்மூன்றும் தோர்கில் பேரிலேயே இருக்கின்றன.